முகில் எங்கே என்று கேட்டார்கள்

குணரத்தினம் அண்ணை காலமான செய்தி வந்தபோது நான் கொழும்பு காலி வீதிச் சோதனைச் சாவடியில், பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு, அடையாள அட்டையோடு வரிசையில் நின்றிருந்தேன். அவருடைய மனைவி கைத்தொலைபேசியில் அழாமல்தான் சொன்னார். "இவர் போயிட்டார் தம்பி. விடியக்காலமை, நித்திரையிலேயே." படுக்கையில் சாவது இந்த ஊரில் பெரிய கொடுப்பினை. அதற்கும் அவர் முன்பே விலை கொடுத்திருந்தார்.

அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், வாய் சும்மா இராத மனிதர். பல்கலைக்கழகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் கடுங்குளிரான முகில்களில் இலேசான நைதரசனும் பாரமான நைதரசனும் எப்படிப் பங்கு பிரிகின்றன என்று கணினியில் கணித்துப் பார்ப்பதே எங்கள் இருவரின் வேலை. "பாரமானது மூலக்கூறுக்குள்ள சுகமாப் பூந்திடும். வெளிய வரத்தான் சூடு வேணும். அந்தக் குளிரில சூட்டுக்கு எங்க போறது?" என்பார். வெள்ளவத்தை வெக்கையில் சட்டை தொப்பலாக நனைந்திருக்கச் சொல்வார்.

வெள்ளவத்தையில் குண்டு வெடித்த கிழமை பொலிசார் அவர் வீட்டைச் சோதித்தார்கள். அகப்பட்டவை எங்கள் கணிப்புத் தாள்கள். நைதரசன், அமோனியா என்று பக்கம் பக்கமாக இருந்தால் வெடிமருந்தாகத்தானே இருக்க வேண்டும்? ஓரத்தில் அவர் கிறுக்கியிருந்தார்: 'முகிலுக்கு அமோனியா காணாது. கூட்ட வேணும்.' தமிழ் வாசிக்கத் தெரிந்த அதிகாரிக்கு முகில் என்பது யாரோ ஒரு போராளியின் இயக்கப் பெயராகத் தெரிந்தது.

முகில் எங்கே என்று கேட்டார்கள். "சரியான தூரத்தில. வெளிச்சம் போய்ச் சேரவே நூற்றுக்கணக்கான வருசமாகும்" என்று இவர் உண்மையைச் சொன்னார். முதல் பல் அந்தப் பதிலுக்குப் போனது. மணல் நிரப்பிய குழாயால் முதுகில் அடித்தார்கள். தலைகீழாகத் தொங்கவிட்டு, பெற்றோல் ஊற்றிய பொலித்தீன் பையால் முகத்தை மூடினார்கள். இடது காதுச் சவ்வு கிழிந்தது. அந்தக் கைகள் அழுகட்டும் என்று இன்றும் சபிக்கிறேன்.

ஒரு முகிலைக் காட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பக்கத்து மேசையிலேயே முகிலன் என்று ஒருவன் இருந்தான். கொட்டாஞ்சேனையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு சோறு தின்றுகொண்டிருந்தான். அது நான்தான். என் பெயரைச் சொல்லியிருந்தால் அடி நின்றிருக்கும். அவர் சொல்லவில்லை.

பல மாதங்களுக்குப் பிறகு, வழக்கு எதுவும் இல்லையென்று விட்டார்கள். நான் போய்க் கையைப் பிடித்து அழுதேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "அடிக்கேக்க அவங்களைவிட உன்னிலதான் எனக்குக் கோபம் வந்தது. உன்ர அப்பாவுக்கு வேற பேரே கிடைக்கேல்லையோ?" பகிடி என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கினேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடி சேர்ந்து வேலை செய்தோம். 'டேய்', 'இஞ்ச பார்' என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணை எனக்கு விட்டுப்போனது என் பெயரை. ஊரில் எல்லோரும் அதைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர் மட்டும், சாகும்வரை, சொல்லவேயில்லை.