ஏழாவது வரி

இதைச் சொன்னால் சிலர் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அணுமின் நிலையத்தில் பத்தொன்பது வருடம் வால்வு பழுதுபார்த்தவன் நான். பார்க்காததைப் பார்த்ததாக ஒரே ஒரு முறைதான் பொய் சொன்னேன். அது என் அண்ணனைத் தின்றுவிட்டது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒருவர் தாளிலுள்ள வரியை வாசிப்பார். மற்றவர் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்வார். ஏழாவது வரி மட்டும் வாசிப்பவருக்கு. நீராவி வால்வு மூடியிருக்கிறதா என்று அதன் தண்டைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மூடியிருந்தால் தண்டு கீழே இறங்கியிருக்கும். அதற்கு ஏணி ஏற வேண்டும்.

போன வருடம் அண்ணனும் நானும் ஜோடி. எனக்கு ஏணி ஏறச் சோம்பல். பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. மூடியிருக்கிறது என்று அர்த்தம். டிக் போட்டேன். அண்ணன் குழாய் அறைக்குள் போய் போல்ட்டைக் கழற்றினான்.

விளக்கின் சுவிட்ச் பழுது. வால்வு திறந்தே இருந்தது.

மதியம் 2.47. கதிர்வீச்சு இல்லாத நீராவிதான். ஆனால் கொதிக்கும் நீராவி. அவனை வெளியே இழுத்துப்போட்டு, 2.48-க்கு நானே கதவைச் சாத்தினேன். மூச்சு இல்லை. மருத்துவர் வரும்வரை, 3.05 வரை, அவன் தலை என் மடியில்தான் இருந்தது.

'ஊழியரின் அவசரமே காரணம்' என்று விசாரணையில் எழுதினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"அவரு அவசரப்படுற ஆளா தம்பி? சட்டை பட்டன் போடவே பத்து நிமிஷம் ஆக்குவாரே."

நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். வெட்கங்கெட்டவன். இன்னும் கொஞ்சம் சோறுகூட வாங்கிக்கொண்டேன்.

இந்த வருடம் அதே வேலை, அதே வால்வு. சுவிட்சை மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். புது ஜோடி ஒரு ஃபிட்டர். தலை கொள்ளாத முடி, பட்டப்பெயர் மொட்டை. மதியம் 2.38-க்கு ஆரம்பித்தோம்.

நாலாவது வரியை வாசித்தேன். மொட்டை திருப்பிச் சொன்னார். கூடவே இன்னொரு குரலும்... எதிரொலி என்று நினைத்தேன்.

ஐந்து. இந்தத் தடவை அந்தக் குரல் முந்திக்கொண்டது. மொட்டைக்குக் கேட்கவில்லை போல. ஏன் நிறுத்திட்டீங்க என்று கேட்டார்.

ஆறு... குரல் குழாய் அறைக்குள்ளிருந்து வந்தது. அறை பூட்டியிருந்தது. சாவி என்னிடம்.

2.44. பச்சை விளக்கு எரிந்தது. பேனாவை எடுத்தேன்.

டொக்... டொக்...

கதவின் உள்பக்கம்.

"ஏழு பாத்தியாடா?"

அண்ணன்.

ஏணியில் ஏறினேன். தண்டைத் தொட்டேன்.

நாலு விரல் உயரம்... மேலே நின்றது.

வால்வு திறந்திருந்தது.

"பாத்துட்டேண்ணே..." என்றேன். உள்ளே சத்தமில்லை. ஏணியிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். மொட்டை பிழைத்தார். என் அண்ணன் பிழைக்கவில்லையே.

அன்றே பாதுகாப்பு அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அறிக்கையில் அண்ணன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொல்லிக் கையைப் பிடித்தேன். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"நாங்களா எழுதலப்பா. உங்கண்ணனே ஒத்துக்கிட்டாரு."

கட்டுப்பாட்டு அறைக்கு வரும் எல்லா அழைப்பும் பதிவாகும். போன வருடத்து அந்த மதியத்தின் பதிவைப் போட்டார். குழாய் அறைக்குள் இருக்கும் தொலைபேசியிலிருந்து வந்த அழைப்பு. நீராவி இரைச்சல். நடுவில் அவன் குரல், நிதானமாக.

"தம்பி ஏழு பாத்துட்டான். நான்தான் அவசரப்பட்டுக் கழட்டிட்டேன். அவன ஒண்ணும் சொல்லாதீங்க."

இந்தக் குரல் இருக்கும்வரை அறிக்கையை மாற்ற முடியாது என்றார் அதிகாரி. திரையில் நேரம் இருந்தது. கடிகாரக் கோளாறு என்று விசாரணையில் அதை விட்டுவிட்டார்களாம்.

2.52.

அப்போது அவன் என் மடியில் கிடந்தான்.