அக்காவின் பாடப்பெட்டியும் நான் அறுத்துக் கொடுத்த பலகையும்

அக்காவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும், அக்காவோடு படிப்பித்த ஆசிரியர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். நான் படகு என்ஜின் திருத்துகிறவன். இருந்தும் இந்தப் பக்கங்களை நானே கேட்டு வாங்கினேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அக்கா உடப்பில் எங்கள் வீட்டு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா கரைவலை இழுத்தவர். அம்மா கடற்கரை மீன்வாடியில் கருவாடு காயப்போட்டவர். அப்பா தவறிப்போனபோது அக்காவுக்குப் பதினேழு வயது. விடியற்காலையில் அம்மாவோடு வாடியில் நின்றுவிட்டு, பஸ் பிடித்துச் சிலாபத்துக்குப் போய் உயர்தரம் படித்தார். கருவாட்டு வாடை வருகிறதென்று பக்கத்துக் கதிரைப் பிள்ளைகள் எழும்பிப் போவார்களாம். இதைச் சொல்லும்போது அக்கா சிரிப்பார். நான்தான் அந்த முகம் தெரியாத பிள்ளைகளைத் திட்டித் தீர்ப்பேன். ஆசிரியர் பயிற்சி முடித்து ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். எங்களைக் கரைசேர்ப்பதிலேயே வயது போய்விட்டது. கலியாணம் செய்துகொள்ளவில்லை.

அக்காவின் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அதில் ஒருத்திக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அவள்தான் நிரோஜா, கரைவலைக்குப் போகும் செல்வம் அண்ணனின் மகள். இன்னொரு பிள்ளைக்கு வாய் பேச வராது. இன்னும் இரண்டு பேருக்கு எழுத்து கண்ணில் நிற்காது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒருமுறை பள்ளிக்கூடத்துக்குக் கருவிகள் வந்தன. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது, புத்தகத்தை வாசித்துக் காட்டுவது என்று நல்ல சாமான்கள். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அவற்றை அலுமாரியில் பூட்டி வைத்தார்கள். உப்புக் காற்றுக்கு அலுமாரிக்குள் இருப்பதும் ஒன்றுதான், வெளியில் இருப்பதும் ஒன்றுதான். திறந்து பார்த்தபோது ஒன்றும் வேலை செய்யவில்லை.

அதற்குப் பிறகு அக்கா தானே செய்யத் தொடங்கினார். ஒரு நாள் என் பட்டறைக்கு வந்து, வாய் பேசாத பிள்ளைக்கு ஒரு பலகை அறுத்துத் தரச் சொன்னார். அதில் படங்கள் ஒட்டுவாராம். தண்ணீர், வலி, புத்தகம், அம்மா, டீச்சர், கூட்டாளி, கொடு, எடு, வேண்டாம். பிள்ளை விரலால் தொட்டுக் காட்டினால் மற்றவர்களுக்கு விளங்குமாம்.

"படிப்பிக்கச் சொன்னா விளையாட்டுச் சாமான் செய்யிறீங்க. பலகை கதைக்குமா அக்கா?" என்று பகிடி பண்ணினேன்.

"கேக்கிறதுக்கு ஆள் இருந்தா கதைக்கும் தம்பி," என்றார்.

அறுத்துக் கொடுத்தேன். பிறகு அதை மறந்துவிட்டேன்.

போன வருடம் அக்காவின் தொண்டையில் கட்டி வந்தது. ஒப்பரேஷன் செய்தால் குரல் போய்விடும் என்று வைத்தியர் சொன்னார். அக்கா அழவில்லை. ஒரு மாதம் தவணை கேட்டார். அந்த மாதம் முழுவதும் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் வகுப்பறையிலேயே இருந்தார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. இப்போது தெரியும். நிரோஜா அடுத்து சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறவள். அவளுக்காக விஞ்ஞானமும் வரலாறும் தமிழும் பாடம் பாடமாகத் தன் குரலில் ஒரு சின்ன ஒலிப்பதிவுப் பெட்டியில் பேசி வைத்திருக்கிறார். நிரோஜா தடவி அறிவதற்காகப் பொத்தான்களின் மேல் வலைநூல் முடிச்சுகளை ஒட்டியிருந்தார். ஒரு முடிச்சு தொடங்க, இரண்டு முடிச்சு நிறுத்த. முடிச்சுகளைப் போட்டுக் கொடுத்தவர் செல்வம் அண்ணன்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு அக்கா அந்தப் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டே இருப்பார். பிழை இருக்கிறதா என்று கேட்டுச் சரிபார்த்திருக்கிறார். கோயில் கடைகளில் விற்கும் பாட்டுப் பெட்டி மாதிரியே இருந்ததால், தேவாரம் கேட்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நூல் முடிச்சுகளைப் பார்த்து, பழுது பார்த்த பெட்டி என்று நான் முடிவு கட்டினேன். சத்தத்தை வைத்தே என்ஜினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான் என்று ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பெட்டியை ஒரு தடவை என் காதில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அதுவரை எதுவென்றாலும் கொப்பியில் எழுதிக் காட்டுவார். கடைசி நாலு நாளும் அவருக்குப் பேனா பிடிக்கவும் பலம் இல்லை. பெட்டியைத் தொட்டார். பிறகு வாசல் படலைப் பக்கம் கையைக் காட்டினார். திரும்பவும் பெட்டி, திரும்பவும் படலை. காதில் வைத்துவிட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். தலையணைக்கு அடியில் வைத்தேன். அதற்கும் மறுத்தார். "என்னக்கா வேணும்?" என்று கேட்டுக் கேட்டு எனக்கே எரிச்சல் வந்தது. ஒருமுறை சத்தம் போட்டுவிட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு அவர் கையை நீட்டவில்லை. மறுநாள் காலமானார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. போகிறவர் கடைசிவரை கையில் வைத்திருந்த பொருளை அவரோடு அனுப்புவோம். அப்பாவோடு வலையூசி போனது. அம்மாவோடு வெற்றிலைப் பெட்டி போனது. அக்காவின் கையில் அந்தப் பெட்டியை நான்தான் வைத்தேன். கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. மயானத்தில் தீ மூட்டிச் சற்று நேரத்தில் உள்ளே ஏதோ வெடித்தது. விறகோடு அடுக்கிய சிரட்டையாக இருக்கும் என்றார்கள்.

எட்டாம் நாள் செல்வம் அண்ணன் நிரோஜாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, டீச்சர் ஒப்பரேஷனுக்கு முந்தியே பிள்ளைக்கு ஒரு பெட்டி வச்சிருக்கிறதாச் சொன்னவ. கடைசிப் பாடத்தையும் சரிபாத்திட்டுத் தாறன் எண்டவ. முடிச்சுப் போட்டது நான்தான்."

"தேடிப் பாக்கிறன் அண்ணே," என்றேன். அதற்குப் பிறகு இரண்டு தரம் வந்தார். இரண்டு தரமும் அதையேதான் சொன்னேன்.

பிறகு பள்ளிக்கூடத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். அக்காவின் படத்துக்குப் பின்னால், சுவரில் என் பலகை தொங்கியது. டீச்சர், கூட்டாளி, புத்தகம், கொடு. எல்லாம் அதில் இருந்தன. அந்த நாலு நாளில் அதைக் கழற்றிக்கொண்டு போய் அக்காவின் மடியில் வைத்திருந்தால், விரலால் இரண்டு படத்தைத் தொட்டுச் சொல்லியிருப்பார். நடந்து போனால் பத்து நிமிடம். மேடையில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

நிரோஜாவுக்கு நானே பாடம் வாசித்துக் கொடுக்கலாம் என்று விஞ்ஞானப் புத்தகத்தோடு போனேன். இரண்டாம் பக்கத்தில் 'படத்தைப் பார்க்க' என்று இருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். அக்கா அந்த இடத்தில், வாடியில் நாலாகத் தடுத்த மீன்பெட்டியைத் தடவிப் பார்த்திருக்கிறாய் அல்லவா, இதயமும் அப்படித்தான் என்று சொல்லி வைத்திருந்தாராம். அந்தப் பாடத்தைப் பதிந்தபோது பக்கத்தில் இருந்த நிரோஜா சொல்லித்தான் தெரியும். நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு மாமா," என்றாள். மறுபடி கேட்கவில்லை. இந்த முறை பரீட்சைக்குப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் கனமூலைக் கிராமத்திலிருந்து சாப்பாடு அனுப்பிய, அக்காவோடு படிப்பித்த பரீதா டீச்சர் குடும்பத்துக்கும், பாடை சுமந்த, பந்தல் போட்ட உடப்பு மக்களுக்கும் நன்றி. அக்காவின் வேறு பாடம் ஏதாவது யாருடைய போனிலாவது கிடந்தால் தயவுசெய்து அழிக்க வேண்டாம். கேட்டுப் பார்த்தவரையில் யாரிடமும் இல்லை.

நிரோஜாவுக்கும் ஒரு மலர் போகும். அவளால் இதை வாசிக்க முடியாது. நான் வந்து வாசித்துக் காட்டுவதாகச் செல்வம் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதி வைத்தால் அந்த இடம் வரும்போது வாசித்துத்தானே ஆக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

நிரோஜா, பெட்டி தொலையவில்லை. நான் தேடவும் இல்லை. உன் டீச்சர் அதை உன்னிடம் கொடுக்கச் சொல்லி நாலு நாள் கையை நீட்டினா. நான் அதை அவவோடு சேர்த்து எரித்துவிட்டேன், பிள்ளை.