ஒருமுறை மட்டும் ஓடக்கூடிய கசெற்

பன்னிரண்டாவது வயதில் எனக்கு வீட்டில் ஒரு பதவி கிடைத்தது. அப்பாவின் கணினிக்கு நான்தான் இன்ஜினியர். நியமித்தவர் அப்பா, ஆட்சேபித்தவர் அம்மா, வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்.

அப்பா கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர். பழைய கசெற்றுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் வேலையும் இடைக்கிடை வரும். எங்கள் ஃப்ளாட்டின் முன்னறையில், ரயில் போகும்போதெல்லாம் அதிரும் மேசையில், வெளிநாடு போன ஒருவரிடம் வாங்கிய கணினி இருந்தது. வெட்டி ஒட்டிய கலியாணத்தை ஒரே படமாக்கித் தரும்படி அதனிடம் சொன்னால், காலையில் தொடங்கிப் பொழுதுபடும்வரை முக்கிக்கொண்டிருக்கும். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை போன் எடுத்துவிடுவார்கள். காலி வீதியில் புதிதாக வந்த ஸ்டூடியோக்காரர் மூன்று நாளில் கொடுக்கிறாராம் என்று அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

வழி கண்டுபிடித்தது நான்தான். கணினியின் மூளையான ப்ரோசெஸரை, தொழிற்சாலை குறித்து அனுப்பிய வேகத்துக்கும் மேலே ஓடவைக்கலாமாம். அதற்கு ஓவர்க்ளொக் என்று பெயர். புதிதாகச் செய்பவர்களுக்கு இணையத்தில் எழுதியிருந்த அறிவுரைகளை, ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்து, சமயபாடக் கொப்பியின் பின்பக்கங்களில் தமிழில் எழுதினேன். தூசு தட்டி, நல்ல குளிர்விசிறி பூட்டாமல் தொடங்கவே கூடாது. வேகத்தை ஒவ்வொரு படியாகத்தான் கூட்ட வேண்டும். கூட்டும் ஒவ்வொரு தடவையும் சூட்டைப் பார்க்க வேண்டும். மின்னழுத்தத்தில் அவசரப்பட்டுக் கை வைத்தால் ப்ரோசெஸர் கருகிப் போகும். போதும் என்று நினைக்கும் இடத்தில் நிறுத்தி, முழுப் பாரம் கொடுக்கும் சோதனை ஒன்றை எட்டு மணி நேரம் ஓடவிட வேண்டும். இடையில் ஒரேயொரு தடவை நின்றாலும் ஒரு படி இறக்கிவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து. சோதனை தேறும்வரை முக்கியமான எந்த வேலையையும் அதில் செய்யக் கூடாது. இந்தக் கடைசி வரியின் கீழ் சிவப்புப் பேனையால் கோடும் போட்டிருந்தேன்.

அப்பா பம்பலப்பிட்டிக்குப் போய் ஒரு புதுக் குளிர்விசிறி வாங்கி வந்தார். பிறகு பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்வரை காத்திருந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப என்ன செய்யவேணும், இன்ஜினியர்?" என்று கேட்பார். நான் கொப்பியைப் பார்த்துச் சொல்லுவேன். அவர் செய்வார். இரண்டு கிழமை அப்படிப் போனது. கொடுத்து முடித்த பழைய கலியாணம் ஒன்றைப் பரீட்சைக்கு ஓட்டிப் பார்த்தோம். பின்னேரத் தேத்தண்ணி நேரத்துக்கே முடிந்துவிட்டது. ப்ரோசெஸரின் வேகம் 3.3 இலிருந்து 4.2 கிகாஹேர்ட்ஸுக்கு ஏறியிருந்தது. அப்பா கீழே கடைக்கு இறங்கிப் போய், "மூண்டு தசம் மூண்டில இருந்தது இப்ப நாலு தசம் ரெண்டு. எல்லாம் என்ர மகளின்ர வேலை" என்று சொன்னார். கடைக்கார முதலாளிக்கு அது பாணின் விலையா, காய்ச்சலின் அளவா என்றுகூட விளங்கியிருக்காது. ஆனாலும் எனக்கு ஒரு டொபி தந்தார்.

எட்டு மணி நேரச் சோதனையை ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் விடியவே தொடங்கினோம். காலையிலிருந்தே மழை. அப்பா கொட்டாஞ்சேனைக்கு ஒரு கசெற் வாங்கிவரப் போயிருந்தார். நான் கணினியின் முன்னால் காவல் இருந்தேன். ஐந்தாவது மணி நேரத்தில், ஒரு சத்தமும் இல்லாமல், திரை முழுக்க நீலமாகிக் கணினி நின்றது.

ஒரு படி இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் எழுதிய கொப்பி மடியிலேயே இருந்தது. ஆனால் இறக்கினால் நாலு தசம் ரெண்டு என்று சொல்ல முடியாது. அப்பா கீழே போய்த் திருத்திச் சொல்ல வேண்டி வரும். கணினியைத் திரும்ப முடுக்கி, சோதனையைத் திறந்து, ஓடவிட்டேன். பொழுதுபடும் நேரம் குடையை மடக்கிக்கொண்டு அப்பா உள்ளே வந்தபோது, அவர் கேட்காமலே, "எட்டு மணித்தியாலமும் முடிஞ்சுது. சும்மா இன்னொருக்கா ஓடவிட்டிருக்கிறன்" என்றேன். அவர் ஈரக் கையால் என் தலையைத் தடவினார்.

அந்தக் கசெற்றைத் தந்த கொட்டாஞ்சேனை ஐயாவின் மனைவி, மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது செத்துப்போனவர். மகளுக்கு இப்போது கலியாணம். தாயின் முகம் படங்களில் இருக்கிறது; குரல் எப்படியிருக்கும் என்று அவளுக்கு ஞாபகமில்லை. மூன்றாவது பிறந்தநாளுக்கு எடுத்த இந்த ஒரு கசெற்றில் தாய் மகளை மடியில் வைத்துப் பாடுகிறாராம். கலியாணத்துக்கு முன் அதை மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. கசெற்றைத் திறந்து பார்த்த அப்பா உதட்டைப் பிதுக்கினார். நாடா முழுக்க வெள்ளையாகப் பூஞ்சணம். இரண்டு நாள் பொறுமையாகத் துடைத்த பிறகு அம்மாவிடம், "ஒருக்காத்தான் ஓடும். ரெண்டாந்தரம் தாங்காது" என்றார்.

கணினியில் ஏற்றுவதற்காக அதை ஓட்டிய நாளில் மழை விட்டு, சுவரெல்லாம் சுடும் வெயில். பாட்டு பிற்பாதியில் வருகிறது என்று ஐயா சொல்லியிருந்தார். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தவர்கள், பலூன்கள், கேக், ஓடித்திரியும் பிள்ளைகள். தாய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மகளைத் தூக்கினார். திரை நீலமாகியது.

அப்பா பாய்ந்து, கசெற் ஓடிக்கொண்டிருந்த டெக்கை நிறுத்தினார். கணினியைத் திரும்ப முடுக்கிவிட்டு, நாடாவை மெல்லப் பின்னால் சுற்றினார். உள்ளே ஏதோ கசங்கும் சத்தம் கேட்டது. மூடியைக் கழற்றியபோது நாடா சுருண்டு, கிழிந்து, உருளையில் ஒட்டிக்கிடந்தது. அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்படிப் பக்கம் போய்விட்டார். அப்பா சவரக் கத்தியும் ஒட்டுநாடாவுமாகப் பொழுதுபடும்வரை குனிந்திருந்தார். ஒன்றும் சரிவரவில்லை. கணினியில் ஏறியிருந்ததும் அது இடையில் நின்றதில் கெட்டுப்போய், தேறியது தொடக்கத்துப் பத்து நிமிடம் மட்டுமே.

ஐயா வந்தார். அப்பா எழுந்து நின்று, "என்ர கைப்பிழை ஐயா" என்றார். ஐயா உட்கார்ந்து அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்தார். அதில் ஓரிடத்தில் குசினி வாசலில் மனைவி வருகிறார். கமெராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போகிறார். பின்னால் போட்டிருந்த பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, அந்த இடத்தை இன்னொருக்காப் போடுங்கோ."

அப்பா போட்டார். மூன்றாந்தரமும் போட்டார். ஐயா காதைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"என்ன சொல்லுறா எண்டு உங்களுக்கு விளங்குதோ?"

ஒருவருக்கும் விளங்கவில்லை. ஐயா அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கிழிந்த கசெற்றையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் சத்தம் போடாததால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை என்று நினைத்தேன்.

அடுத்த மாதமே அப்பா டெக்கை விற்றார். வந்த கலியாணங்களையும் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, கிருலப்பனையில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சாகும்வரை திரும்பக் கமெராவைத் தொடவில்லை. வீடியோவுக்குக் காலம் போய்விட்டது என்று யார் கேட்டாலும் சொன்னார். நானும் அதையே சொன்னேன்.

இப்போது எனக்குக் கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை. எவருடைய கணினி நின்றுபோனாலும் நான் முதலில் திறப்பது ஒரு பட்டியலைத்தான். தான் நின்ற ஒவ்வொரு தடவையையும் நாளும் நேரமுமாகக் கணினி தானே அதில் குறித்து வைத்திருக்கும். அதை முதன்முதலாக வேலையில் கண்ட அன்று, வந்த அலுவலை விட்டுவிட்டு அதையே மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன். சிவப்புப் புள்ளிகளோடு அதே பட்டியலை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருந்தேன்.

ஐயா போன அன்று பின்னேரம் அப்பா கணினியின் முன்னால் தனியாக இருந்தார். திரையில் அந்தப் பட்டியல் இருந்தது. ஏதோ பில் பார்க்கிறார் என்று நினைத்தேன். என்னைக் கூப்பிட்டு, வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டார்:

"பிள்ளை, அண்டைக்கு அந்தச் சோதனை இடையில நிக்காமல் முழுக்க ஓடினதோ?"

"ஓம் அப்பா."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் ஏதாவது சொல்லுவேன் என்பதுபோல.

"சரி. போய்ச் சாப்பிடு."

தப்பிவிட்டேன் என்று ஓடிப்போய், அம்மாவிடம் புட்டு இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.