வெள்ளையடித்திருந்த சமாதி

சித்தூருக்கு வெளியே எங்கள் ஊரில் மிஷன் காலத்துக் கிறிஸ்தவக் கோயிலும் அதன் பின்னால் கல்லறைத் தோட்டமும் உண்டு. நவம்பரில், இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் சமாதிப் பண்டிகை வரும். அதற்குள் அவரவர் வீட்டுச் சமாதிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். அடிக்காமல் கருத்துக் கிடந்தால், அந்த வீட்டார் ஊரை விட்டே போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

நாங்களும் போனவர்கள்தாம். நிலத்தில் எத்தனை போர் போட்டாலும் தண்ணீர் வராமல் புழுதிதான் வந்தது. மாமரங்களுக்கு டேங்கர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அவை காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்காரத் தெம்பில்லாமல் பெங்களூருக்குப் போய் ஓர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் ஆனேன். நவம்பரில் லீவு கேட்டால், “உங்க பண்டிகை டிசம்பர்லதானே?” என்பார்கள். பற்றிக்கொண்டு வரும். அடக்கிக்கொள்வேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவின் சமாதிக்கு ஒரு பக்கம் அம்மாவின் சமாதி. மறுபக்கம் ஓர் ஆள் படுக்கும் இடம் காலி. மூத்த பிள்ளைக்கென்று அப்படி விடுவது எங்கள் வழக்கம். கடைசியில் அங்கே வந்து படுத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் பெங்களூரில் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் எப்படியோ லீவு கிடைத்தது. பண்டிகையன்று விடிந்ததும் மனைவியும் நானும் சுண்ணாம்பு வாளியோடு தோட்டத்துக்குள் நுழைந்தோம். அம்மாவின் சமாதியும் நைனாவின் சமாதியும் வெளேரென்று இருந்தன. நைனாவுடையதன் மேலே சாமந்திப் பூ, எரிகிற மெழுகுவர்த்தி, பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண். காலியாகக் கிடக்கும் நிலத்தை வளைப்பார்கள், சமாதியையுமா வளைப்பார்கள் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“யாருமா நீ? இது எங்க நைனா சமாதி. இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கே?”

அந்தப் பெண் பதில் சொல்வதற்கு முன்பே மெழுகுவர்த்தியைப் பிடுங்கி ஊதி அணைத்து மடியில் வைத்துக்கொண்டார். பூவையும் அள்ள ஆரம்பித்தார்.

“கோபிக்காதீங்கோ அண்ணை. கறுத்துக் கிடந்தது, ஒருத்தரும் வாறதில்லை எண்டு நினைச்சிட்டன். நான் போறன்.”

“இரும்மா,” என்றாள் என் மனைவி. “எந்த ஊரு உனக்கு?”

இலங்கை என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் அகதி முகாம். கணவருக்குப் பெயிண்டிங் வேலை. வேலை கிடைத்ததால் சித்தூரில் தங்கியிருக்கிறார்கள்.

“ஷெல்லடிக்குள்ள அம்மா செத்துப்போனா. ரோட்டுக்கரையில மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டு ஓடினனாங்கள். சண்டை முடிஞ்ச பிறகு அந்த இடத்தில ஒரு மெழுகுதிரி கொளுத்தப் போனன். ஆமிக்காரர் விடேல்லை. பிறகு வீட்டுக்கு வந்து வந்து விசாரிச்சினம். என்ட மனுசனைக் கொண்டுபோய் அடிச்சினம். அதுக்குப் பிறகுதான் போட் ஏறினது.”

என்னை ஊரை விட்டு விரட்டியது வானம். அது வீட்டுக்கு வந்து யாரையும் அடிக்கவில்லை. பூட்டிய வீட்டின் சாவி இன்றும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கோ ஒரு மெழுகுவர்த்தி ஏற்றப் போனதற்கே ஊர் இல்லாமல் போயிற்று. ஏற்றக்கூட விடவில்லை.

கல்லறைத் தோட்டத்தின் மூலையில் மண்வெட்டி ஒன்று கிடந்தது. எடுத்து வந்து, நைனாவுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் மண்ணை மேடாகக் கூட்டினேன்.

“இன்னாங்க இது? அது உங்க எடமாச்சே,” என்றாள் மனைவி.

“தெரியும். கோயில் கமிட்டி கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

அவள் கல் பொறுக்கி வந்து மேட்டைச் சுற்றி அடுக்கினாள். கொண்டுவந்த சுண்ணாம்பு அந்தக் கற்களுக்குச் சரியாக இருந்தது.

“உங்க அம்மாவுக்குங்க,” என்றேன் அந்தப் பெண்ணிடம்.

அவர் மடியிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து மேட்டில் நட்டு ஏற்றினார். ஏற்றிய பிறகும் குந்தியபடியே, எழுந்து ஓடத் தயாராக, தோட்டத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க யாரும் வந்து கேக்க மாட்டாங்கமா,” என்றேன். “உக்காந்து அழுங்க.”

அதன் பிறகுதான் அவர் மண்ணில் உட்கார்ந்தார்.