ஈயம் பார்க்கும் மெசினோடு

விரல் நுனியில் ஊசி குத்துவது லேசான வேலை. குத்தியபின் அந்த ஆள் கேட்பதற்குப் பதில் சொல்வதுதான் எங்கள் தொழில். ஆய்வுகூட வேலையில் நொந்தவர்களுக்கு இது விளங்கும்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில், இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று அளக்கும் புது மெசினைப் பரீட்சித்துப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கையடக்கமான மெசின். அதில் செருகும் தகட்டின் நுனியில் டி.என்.ஏ இழை ஒட்டியிருக்கும். ஈயம் வந்து பிடித்தால் இழை மடங்கும், மின்னோட்டம் மாறும், திரையில் அளவு விழும்.

சீனி

முதலில் வந்தவர் கிழிந்த வலை பொத்தும் ஐயா ஒருவர். நீரிழிவால் ஒரு கால் ஏற்கனவே போய்விட்டது. நான் விளக்கியதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். "பயப்பிட ஒண்டுமில்லை, ஐயா, ஈயம் குறைவுதான்" என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

"ஈயம் கிடக்கட்டும் பிள்ளை, சீனி எவ்வளவு? மற்றக் காலையும் எடுப்பினமோ?"

குசினி

நான்கு வயதாகியும் பேசாத மகனைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தா. மெசின் காட்டிய அளவு மிக அதிகம். மெசினில்தான் பிழை என்று நினைத்து, இரத்தத்தைக் கொழும்புக்கும் அனுப்பினேன். அங்கேயும் அதே கதை.

வீட்டுக்குப் போனேன். குசினியில் சோறு காய்ச்சும் அடுப்பில்தான் தகப்பன் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டையும் உருக்கி வார்த்திருக்கிறார். பக்கத்தில்தான் பெடியன் விளையாடுவானாம். அந்தப் புகையில்தான் ஈயம் ஏறுகிறது என்று நான் சொன்னதும் அவர் உருக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வேலிக்கு வெளியே வைத்தார்.

சில மாதம் கழித்து மீண்டும் குத்தினேன். அளவு இறங்கியிருந்தது. சந்தோசமாகச் சொன்னேன். தாய் மகனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா.

"அப்ப, இவன் எப்ப கதைப்பான், மிஸ்?"

டி.என்.ஏ

வாசிகசாலையில் மெசினைப் பற்றி விளக்கிய அன்று, டி.என்.ஏ என்ற சொல்லை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். எல்லோரும் போனபின் ஒரு அம்மா மட்டும் நின்றா. கடைசிச் சண்டையில் மகனைத் தொலைத்தவ.

"என்ர இரத்தத்தையும் எடுங்கோ, பிள்ளை. புதைகுழியில தோண்டி எடுத்த எலும்புகளோட ஒத்துப் பாக்கலாம்தானே?"

இந்த இழை ஆலையில் செய்தது, ஒருவருடையதும் இல்லை, ஈயத்தை மட்டும்தான் பிடிக்கும் என்றேன். நீட்டிய விரலை அவ மடக்கவில்லை.

"ஆரின்ரையும் இல்லாத ஒண்டை வைச்சு இரத்தத்தில கிடக்கிற ஈயத்தைக் கண்டுபிடிக்கிறியள். என்ர பெடியனை மட்டும் ஒருத்தராலயும் கண்டுபிடிக்கேலாதோ?"

எங்கள் மெசின் ஒரேயொரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்; அந்தக் கேள்வியை மட்டும் இங்கே ஒருத்தரும் கேட்பதில்லை.