தீவின் வானத்தில் பன்னிரண்டு விமானங்கள்

காலை பத்தேகால். மும்பை தாராவி எம்பிராய்டரி பட்டறையில் முதலில் கண்ணில் பட்டவை, நீல வெல்வெட்டில் ஜரிகையால் தைத்த பன்னிரண்டு போர் விமானங்கள். ஒரு சின்னத் தீவு நாட்டின் விமானப் படை ஆண்டு விழாவுக்காக, அதன் வரலாற்றைச் சொல்லும் திரைச்சீலை அது. வாங்க வரும் அதிகாரியோடு ஆங்கிலத்தில் பேச, பட்டறை முதலாளி என்னை அழைத்திருந்தார்.

அவர்கள் கொடுத்த மாதிரிப் படத்தில் இரண்டு விமானங்களே இருந்தன.

“ரெண்ட மட்டும் போட்டா மொட்டையா இருக்கும்லா அண்ணாச்சி? நம்ம கோயில் கொடை பேனர்ல எத்தன தல போடுதோம்!” என்றார் முதலாளி. அதிகாரி வேண்டாம் என்றால் ஒரு மாத வேலை குப்பைக்குப் போகும் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

பக்கத்துச் சயான் சாலையில் டாக்சியை விட்டுவிட்டு, சந்துக்குள் முழுச் சீருடையில் நடந்து வந்தார் அதிகாரி. விமானங்களை விரலால் எண்ணினார். முதலாளிக்கு வியர்த்தது.

“படையின் வளர்ச்சியைச் சரியாகக் காட்டியிருக்கிறீர்கள்” என்றார் அதிகாரி. ஓரத்தில் ஒரு ஹெலிகாப்டரும் வேண்டுமாம். மொழிபெயர்த்தேன்.

“பாத்தியளா? வரலாறு தெரிஞ்ச மனுசன்!” என்றார் முதலாளி.

சாயா குடிக்கும்போது அதிகாரியிடம் விசாரித்தேன். படையில் இருப்பவை இரண்டு விமானங்கள். ஒன்று பழுதாகி நிற்கிறது.