ஏசுரத்தினம் சார் வீட்டு நம்பர்

பங்காருபாளையத்து ஏசுரத்தினம் சாரின் போன் நம்பரை அவர் பெற்ற மகளைவிட நன்றாக மனப்பாடம் வைத்திருந்தவர்கள் அரபு நாடுகளில், தம்மாமிலும் மஸ்கட்டிலும் இருந்தார்கள். கொத்து வேலைக்கும் குழாய் வேலைக்கும் போன தெருப் பையன்கள். அந்தத் தெருவில் வேறு யாரிடமும் போன் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில்கூட சார் வீட்டு நம்பரைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடித்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுப் போன், கூப்பிட்டு விடுவார்கள் என்று அர்த்தம். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற மனுஷன், செருப்பைக்கூட மாட்டாமல் வெயிலில் ஓடி, "உன் பையன் லைன்ல இருக்கான், சீக்கிரம் வாம்மா" என்று கூப்பிடுவார். பதினாலு வருஷம் இப்படித்தான் ஓடினார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, ஓடுகிறவருக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

சம்சாரம் கிருபாவதி போய்ச் சேர்ந்த மறு வருஷம், மகள் லீனா கம்ப்யூட்டர் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா போனாள். இரண்டாயிரமாவது வருஷம் பிப்ரவரியில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தபாலில் போட்ட போட்டோ வந்து சேரவில்லை. "ஈமெயில்ல அனுப்பறேன் நைனா, திருப்பதிக்குப் போயி நெட் சென்டர்ல பாருங்க" என்றாள். சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. பேரன் முகத்தைக் கடையில் உட்கார்ந்து, பின்னால் நாலு பேர் எட்டிப் பார்க்க, அவசர அவசரமாகப் பார்ப்பதா? திருப்பதியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் கழித்துக் கட்டியிருந்த எட்டு வருஷத்துப் பழைய கம்ப்யூட்டரை வாங்கினார். பஸ்ஸின் மேலே போட மனசு வராமல், அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்துப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்.

கூடவே மோடம் என்கிற சின்னப் பெட்டியும் வந்தது. போன் ஒயரை அதில் சொருகினால், அது திருப்பதியில் ஒரு நம்பரைக் கூப்பிட்டு இன்டர்நெட்டுக்கு வழி வாங்கித் தர வேண்டும். வாங்கித் தரவில்லை. நாற்பது நாள் பிடிவாதம் பிடித்தது. ஒருநாள் லைன்மேன் நாகபூஷணம் வந்து ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டார்.

"இன்னா சார் இது, பூனை வாலை மிதிச்சாப்பல கத்துது! நம்மூரு எக்ஸ்சேஞ்ச் பழைய காலத்துது. அதுக்கு டயல் சுத்தற டக்கு டக்குதான் தெரியும். இந்த சங்கீதமெல்லாம் புரியாது."

அவர் போன பிறகுதான் சாருக்கு உறைத்தது. மோடம் புதுப் போனைப் போலப் 'பீப் பீப்' என்று நம்பர் போடுகிறது. அதைப் பழைய டயலைப் போலத் தட்டச் சொன்னால்? கட்டளையில் ஒரே ஓர் எழுத்தை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினார். டக்கு டக்கென்று தட்டியது, கத்தியது, பிறகு அமைதியானது. சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தது, வழி கிடைத்துவிட்டது. மே மாதம், வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்றரை மணி.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வீட்டுக் கன்னியம்மாள் மாங்காய் மண்டியில் கூலி வேலை செய்பவள். மகன் புருஷோத்தமன் தம்மாமில். வெள்ளிக்கிழமை அங்கே லீவு, நாலு மணிக்குப் போன் செய்வான். புருஷன் செங்கல்வராயன் பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்து படுக்கையில் கிடந்தார். அன்றைக்குப் போனில் மகன் சொன்னது பக்கத்தில் இருந்த சாருக்கும் கேட்டது.

"அடுத்த வாரம் சனிக்கெழமை கம்பெனியில பதில் சொல்லணும்மா. இருக்கறேன்னா இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து. இல்லன்னா டிக்கெட் குடுத்து அனுப்பிடுவாங்க. நைனாவைக் கேட்டு வையி. அடுத்த வெள்ளிக்கெழமை பண்றேன்."

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டுதான் இந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் மண்டியிலிருந்து நேராக வந்தாள். மாம்பால் பட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"வரச் சொல்லிட்டாரு சார். வாயி கோணிக்கினு போவுது, ஒண்ணும் புரியல. ஆனா 'வரச் சொல்லு'ன்னு அத்த மட்டும் தெளிவா சொல்றாரு."

"நல்லது. உக்காரும்மா" என்றார் சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படம் மேலிருந்து கீழாக, விரலகலம் விரலகலமாக வந்துகொண்டிருந்தது. தலைமுடி வந்தது. நெற்றி வந்தது. புருவத்தோடு லைன் அறுந்துபோயிற்று. மறுபடி போட்டார், மறுபடி தலைமுடியிலிருந்து. கன்னியம்மாள் எழுந்து வந்து பார்த்தாள்.

"பேரனா சார்? அய்யோ, அம்மா நெத்தி! அப்படியே நம்ம கிருபாவதியம்மா நெத்தி!"

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சாருக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கு வரட்டும், வாய் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

நாலரைக்கு அவள் மெதுவாகக் கேட்டாள். "போன் வர்ற நேரமாயிடுச்சே சார்?"

"வரும், வரும். உக்காரு."

தெரியாமல் செய்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவருக்குத் தெரியும். மோடம் லைனைப் பிடித்திருக்கிறவரை வெளியிலிருந்து எந்தப் போனும் உள்ளே வராது. இன்னும் ஐந்து நிமிஷம், பையன் எப்படியும் மறுபடி அடிப்பான் என்று நினைத்தார். மூன்று முறை அறுந்து, மூன்று முறை தொடங்கி, அந்த ஐந்து நிமிஷம் முக்கால் மணி நேரமானது. குழந்தையின் முகம் முழுசாக வந்தபோது ஐந்தேகால். ஒயரைப் பிடுங்கிப் போனில் மாட்டினார்.

ஏழு மணிவரை இரண்டு பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அடிக்கவில்லை. திருப்பிக் கூப்பிடலாம் என்றால் லேபர் கேம்ப்புக்கு நம்பர் கிடையாது. உலகத்தின் மறுகோடிக்கு ஈமெயில் போடும் வசதி வீட்டில் இருந்தது. கல் சுமக்கிற பையனிடம் ஈமெயில் ஏது?

"அவனுக்கு லைன் கெடைக்கல போலம்மா" என்றார் சார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. கன்னியம்மாள் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில், "செரிப்பா, ஒடம்பப் பாத்துக்க" என்று ரிசீவரை வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டானாம் சார்."

முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் சார் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. மற்ற நாளில் போட்டாலும் பேரன் முகத்தை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

நவம்பர் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செங்கல்வராயன் இறந்துபோனார். நாலு மணிப் போனில்தான் மகனுக்கு விஷயம் தெரிந்தது. கம்பெனி லீவு தரவில்லை. கொள்ளி வைக்க மகன் வரவில்லை, அண்ணன் மகன் வைத்தான். புருஷோத்தமன் போனில் அழுத அழுகை கூடத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. சார் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டார். சபையில் அறுபது வருஷமாகப் பாவமன்னிப்பு ஜெபம் சொன்னவர்தான். இதை மட்டும் எந்த ஜெபத்தோடும் சேர்த்துச் சொல்லிவிட முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவள் வீட்டுக்குப் போனார். கன்னியம்மாள் புருஷன் படுத்திருந்த பாயைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சார் உட்காரவில்லை.

"அந்த வெள்ளிக்கிழமை லைனைப் புடிச்சு வெச்சிருந்தது நான்தாம்மா. உன் புள்ள போன் வராதுன்னு தெரிஞ்சேதான் வெச்சிருந்தேன். லைன் கெடைக்கலன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் பாயின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"தெரியும் சார். பதினோரு வாட்டி அடிச்சானாம், எங்கேஜாவே இருந்துச்சாம். நைனா வர வாணாம்னுட்டாரு, அத்த சொல்ல வாய் வராம நாங்கதான் ரிசீவரை எடுத்து வெச்சிட்டோம்னு நெனைச்சிக்கினானாம். மறு வாரமே சொன்னான்."

சார் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஏழு மாசமா ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டுட்டா, அப்பால போனுக்கு உங்க வூட்டுக்கு எப்படி சார் வர்றது?"

அதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள். அவன் ஊர் திரும்ப இன்னும் பதினேழு மாசம் இருந்தது.